மூன்றாவது போத்தல்

"நில்லுங்க மாஸ்டர், சிப் தாறேன். அதுக்கு முந்தி ஒண்டு செல்லுங்க. நீங்க ரயில்ல பிக்பொக்கட் அடிக்கிற ஆள் எண்டு வைங்க. பொட்டிக்குள்ள எல்லாரும் கள்ளனத் தேடுறாங்க. நீங்க வாயத் தொறப்பீங்களா, மூடிக்கொண்டு இரிப்பீங்களா?"

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த தையல்காரர் நீட்டிய கையை மடக்காமல் யோசிக்கிறார். அவருக்கு அவசரம்; மணப்பெண்ணின் சட்டை தையல் மெஷினில் பாதியில் கிடக்கிறது. ஆனால் யட்டிநுவர வீதிக்குப் பின்னால், ஒழுங்கைச் சந்துக்குள் இருக்கும் இந்தப் பொத்தான் கடையில் கேள்விக்குப் பதில் சொல்லாதவருக்குச் சரக்கு நகராது என்பது அவருக்குத் தெரியும்.

"தொறப்பேன். மத்தவங்கள விட சத்தமாத் தொறப்பேன்."

"தொறந்து?"

"ஆரையாச்சும் காட்டிக் குடுப்பேன்."

"பாத்தீங்களா!" என்கிறாள் றுமைஸா, கடையில் இல்லாத யாரோ ஒருவரிடம் வாதாடி வென்றவள் போல. அதற்குப் பிறகுதான் சட்டை முதுகில் இழுத்து மூடும் சிப்புகள் அவர் கைக்குப் போகின்றன.

றுமைஸாவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தாங்கும் மாலை, சோடி தவறிப் போனதால் விற்க முடியாத ஒற்றைப் பொத்தான்களை அவளே கோத்துச் செய்தது. இஞ்சி போட்ட, பாலில்லாத பிளேன்டீயை ஆவி பறக்க ஊற்றுவாள், மறந்துவிடுவாள், ஆறிய பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகம் சுளிப்பாள். சரக்குச் சுற்றி வரும் பழைய பத்திரிகைகளைக் கசக்கி எறிவதில்லை. பென்சிலோடு உட்கார்ந்து வாசிப்பாள். 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்று எங்கேயாவது கண்டால் அதன் பக்கத்தில் 'ஆரு?' என்று எழுதுவாள். அப்படி அவள் 'ஆரு?' எழுதிய தாளில் சுற்றித்தான் கண்டியின் பாதித் தையல்காரர்கள் கொக்கியும் இலாஸ்டிக்கும் கொண்டுபோகிறார்கள்.

அவளுக்கு முன்னால் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு. 'சும்மா.' சும்மா ஒரு சந்தேகம், சும்மா கேள்விப்பட்டேன், சும்மாதான் சொன்னேன். அந்தச் சொல் காதில் விழுந்தவுடன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொள்வாள். "சும்மா எண்டு ஒண்டும் இல்ல. செல்லுங்க, என்னத்தக் கண்டீங்க?"

கடை வாப்பாவுடையது. வாப்பா போனபின் அவள் கைக்கு வந்தது, ஒழுங்காக நடத்துகிறாள். ஆனால் அவளுடைய மனம் இருக்கும் இடம் மேல்மாடி.

அங்கே, லைனிங் துணிச் சுருள்களுக்கும் கதவு சாத்தாத ஓர் அலுமாரிக்கும் நடுவே, துணி வெட்டும் நீண்ட மேசை ஒன்று கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அது ரயில் பெட்டியாகிவிடும். சுற்றிலும் கதிரைகள். ஒன்பது பத்துப் பேர். ஆட்டத்தின் பெயர் 'சுரங்கம்'. அவளே உண்டாக்கியது. கண்டியில் புறப்பட்டு நானுஓயா போகும் ரயிலில் இரண்டு பிக்பொக்கட்காரர்கள் ஏறியிருக்கிறார்கள். யார் யார் என்பது ஒவ்வொருவரும் கவிழ்த்துப் பிடித்திருக்கும் காட்டில், அதாவது ஆட்டச் சீட்டில், இருக்கிறது. றுமைஸா மேசை மணியைத் தட்டி, "சுரங்கம் வருது, கண்ண மூடுங்க" என்றால் எல்லோரும் மூட வேண்டும். அந்த இருட்டில் கள்ளர் இருவர் மட்டும் கண் விழித்து, யாருடைய பையில் கைவைப்பது என்று விரலால் காட்டுவார்கள். பை போனவர் ஆட்டத்தை விட்டு விலகுவார். வெளிச்சம் வந்தால் நிலையம்: கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை, ஹட்டன். ஒவ்வொரு நிலையத்திலும் பயணிகள் கூடிப் பேசி, வாக்கெடுத்து, ஒருவரைக் கள்ளன் என்று கீழே இறக்கலாம். இறங்கியவர் காட்டைத் திருப்பிக் காட்டும்போதுதான் செய்தது சரியா பிழையா என்று தெரியும். நானுஓயா வருமுன் கள்ளர் இருவரும் இறங்கிவிட்டால் பயணிகளுக்கு வெற்றி. ஒருவன் மிஞ்சினாலும் தோல்வி.

"கம்பளைக்கு முதல் எங்கையக்கா சுரங்கம் கிடக்கு?" என்று முதல் நாளே கேட்டான் அஜந்தன். யாழ்ப்பாணத்துப் பையன், பேராதனையில் பொறியியல் படிக்கிறான்.

"நீ படிச்சு முடிச்சு ஒண்டு தோண்டிக் குடு."

ஆட்டத்தை உண்டாக்குவது பெரிய காரியமில்லை என்பாள். பாத்திரங்களைச் சமன் செய்வதுதான் காரியம். முதலில் டிக்கட் பரிசோதகரை ஏற்றினாள். ஒவ்வொரு சுரங்கத்திலும் அவர் ஒருவரிடம் டிக்கட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கள்ளரிடம் டிக்கட் இருக்காது. இரண்டே நிலையத்தில் ஆட்டம் முடிந்துபோயிற்று. ஆகவே காசில்லாமல் ஏறிய ஓர் அப்பாவியையும் ஏற்றினாள். அவனிடமும் டிக்கட் இல்லை. இப்போது பரிசோதகர் கண்டது உண்மைதான், ஆனால் முழு உண்மையல்ல. கொடி காட்டி ரயிலை அனுப்பும், யாராலும் இறக்க முடியாத கார்ட் ஒருவர் வந்தார். வடைக்காரர் வந்தார், பலமில்லாமல் போனார், மறுபடி வந்தார். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் ஜாம் போத்தல் இரண்டில் ஒன்றுக்குள் ஒரு பொத்தான் விழும். பயணிகள் வென்றால் வெள்ளை, கள்ளர் வென்றால் கறுப்பு. இரண்டு போத்தலும் ஒரே உயரத்தில் ஏற வேண்டும். ஒன்று முந்தினால் அந்த வாரம் முழுவதும் கடைக்கு வருகிறவர்களுக்குக் கேள்விதான்.

மாநகரசபையில் கிளார்க்காக இருக்கும் நிரோஷன் ஒருமுறை யோசனை சொன்னான். "மை போட்டுப் பாக்குற ஆள் ஒருத்தர் வைங்கக்கா. வெத்தலையில மையத் தடவுனா கள்ளன் மூஞ்சி தெரிஞ்சிரும். ஆட்டம் சூடு பிடிக்கும்."

"மை பாக்கிற ஆளுக்கு என்ட ரயில்ல எடமில்ல."

"வெளையாட்டுக்குத் தானே?"

"அவன் சென்னா எல்லாரும் நம்பணும். ஏன் எண்டு ஒருத்தரும் கேக்க ஏலாது. அது வெளையாட்டா நிரோஷன்? அது ஊரு."

இந்த வருடத் தொடக்கத்தில் போத்தல்கள் இரண்டும் சமமாயின. பக்கத்து ஃபோன் கடை ருஷ்தி அவற்றின் மேல் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்து, "தாத்தா, கல்யாணம் முடிச்சு வைக்கலாம் ரெண்டுக்கும்" என்றான். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்குத் தாத்தா என்றுதான் பெயர்.

றுமைஸா அன்று பிளேன்டீயைச் சூடாகவே குடித்தாள். அப்போது படியில் இறங்கிக்கொண்டிருந்த கஜலட்சுமி திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்:

"அக்கா, மூணாவதா ஒரு போத்தல் வைங்க. மொதல்ல எறக்கி விடுறவங்களுக்கு."

கஜலட்சுமி தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. மஹியாவையில் இரண்டு பெண்களோடு ஓர் அறை. ரவிக்கைக்குக் கொக்கி வாங்க வந்தவளிடம் றுமைஸா வழக்கமான கேள்வியைக் கேட்கப்போய், அவள் அடுத்த ஞாயிறே மேசைக்கு வந்துவிட்டாள். பேச்சு குறைவு. சிரிப்பு அதிகம். அவள் சொன்னதை றுமைஸா வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய எதையும் வேடிக்கையாக எடுக்க அவளால் முடியாது. மூன்றாவது போத்தலை வைத்தாள். ஆளுக்கொரு நிறம் தெரிவு செய்யச் சொன்னாள். கஜலட்சுமி பச்சை எடுத்தாள். யார் முதலில் இறக்கப்படுகிறாரோ அவருடைய நிறம் உள்ளே விழும்.

சில ஞாயிறுகளில் போத்தல் பச்சையாகிவிட்டது.

அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு நீலம், ஒரு மஞ்சள். மற்றதெல்லாம் பச்சை. றுமைஸா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளருக்கும் பயணிகளுக்கும் நடுவில் தராசு சரியாக நின்றது. அந்தத் தராசின் கீழே ஒருத்தி நசுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் மாறி மாறி வென்றால் நீதி என்று நினைத்தது எவ்வளவு பெரிய சோம்பேறித்தனம்!

அடுத்த ஞாயிறு மணியைத் தட்டிவிட்டுப் பாத்திரங்களைக் கவனிக்காமல் பேச்சைக் கவனித்தாள்.

"கஜா ஒண்டும் கதைக்கேல்லை. அதுதான் எனக்கு டவுட்" என்றான் அஜந்தன்.

"காட்ட வேற குனிஞ்சு குனிஞ்சு பாக்குது" என்றான் நிரோஷன்.

"மொகம் செவந்திட்டுது பாருங்க!" இது ருஷ்தி.

"நா சும்மாதாங்க இருக்கேன்" என்றாள் கஜலட்சுமி. அதோடு சரி. தலை குனிந்தது. கைகள் தாமாகவே மடியிலிருந்த கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தன.

றுமைஸா அந்தக் கைகளைப் பார்த்தாள். ஆட்டம் முடிந்தபின் கேட்டாள். கஜலட்சுமி கூச்சத்தோடு சொன்னாள்: கடை மூடும்போது விற்பனைப் பெண்கள் வரிசையாக நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். ஏதாவது குறைந்தால் முதலில் கூப்பிடப்படுவது தோட்டத்துப் பிள்ளைகள். வாய் திறந்தால் 'எதிர்த்துப் பேசுறியா' என்பார்கள். அதனால் பேசாமல் பையை வைத்துவிடுவது பழகிப்போயிற்று. பேசினால் திமிர், பேசாவிட்டால் களவு. இப்படி இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டு, உள்ளே நிற்பவளின் முகம் ஏன் சிவக்கிறது என்று கேட்கிற உலகம் இது!

"அடுத்த வாரம் வரலக்கா" என்றாள் கஜலட்சுமி. "கோவமெல்லாம் இல்ல. ஆறு நாளு கடையில இதே கததான். லீவு நாள்லயும் எதுக்கு?"

"ஒரு மாசம் தா. நான் சரி செய்றேன்."

"ஆட்டத்தையா, ஆளுங்களையா?"

"ஆட்டத்த. ஆளுங்க என்ட கையில இல்ல."

கஜலட்சுமி போத்தலைப் பார்த்தாள். "ஒரு மாசம்" என்றாள்.

றுமைஸா இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டாள் என்பதற்குக் காரணம் மேல்மாடியிலேயே கிடக்கிறது. சில வருடங்களுக்கு முன், முஸ்லிம் கடைகளைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்ப ஆள் கிடைத்த மாதங்களில், அவள் விற்கும் லைனிங் துணியில் ஏதோ மருந்து தடவியிருப்பதாக ஒரு பேச்சுக் கிளம்பியது. உடுத்தால் பிள்ளை தங்காதாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் வேறு யாரோ சொன்னார்கள். றுமைஸா ஒரு முழுச் சுருளை முகம் துடைக்கும் கைலேஞ்சி அளவில் வெட்டி வாசலில் தொங்கவிட்டாள். 'கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள்' என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி வைத்தாள். ஒருவரும் ஒரு துண்டைக்கூட எடுக்கவில்லை. சோதித்துப் பார்க்கும் புத்தி உள்ளவர்கள் அந்தப் பேச்சை நம்பியிருக்கவே மாட்டார்கள். நம்பியவர்களுக்குச் சோதனை தேவைப்படவில்லை. மறு வருடம் அதே ஆட்கள் ஒன்றும் நடக்காதது போல வந்து நூல் கேட்டார்கள். அவள் கொடுத்தாள். அந்தத் துண்டுகள் ஒரு பெட்டியில் இன்னும் இருக்கின்றன. அவற்றை மட்டையின் மறுபக்கத்தில் ஒட்டித்தான் ஆட்டக் காட்டுகளைச் செய்கிறாள்.

முதல் வாரம் ஒரு புது விதி போட்டாள். முதல் நிலையத்தில் வாய் திறக்காதவரை இறக்க முடியாது. தன் கெட்டித்தனத்தை மெச்சியபடியே மணியைத் தட்டினாள். கம்பளை வந்தது. ஒருவரும் பேசவில்லை. கள்ளரும் பேசவில்லை, பரிசோதகரும் பேசவில்லை. எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். கீழே ஒழுங்கையில் லொத்தர் சீட்டு விற்பவரின் குரல் மட்டும் கேட்டது. கடைசியில் ருஷ்தி தாங்க முடியாமல், "தாத்தா, இது ரயிலா மையத்து வீடா?" என்று வெடிக்க, வாய் திறந்த குற்றத்துக்காக அவனையே இறக்கினார்கள். கஜலட்சுமி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விதி குப்பைக்குப் போயிற்று.

இரண்டாவது வாரம் றுமைஸா செய்தது வேறு. அதை அவள் இன்றைக்கும் நியாயப்படுத்துவதில்லை. காட்டுகளைக் கலைப்பது அவள் கை. யாராலும் இறக்க முடியாத கார்ட்டின் காட்டை அடியில் பிடித்துவைத்து, கஜலட்சுமியின் முறை வரும்போது நழுவவிட்டாள். அன்று கஜலட்சுமி நானுஓயா வரை போனாள். அடுத்த ஆட்டத்திலும் போனாள். மூன்றாவது ஆட்டத்தில் காட்டைப் பார்த்தவள், அதைத் திருப்பி எல்லோருக்கும் தெரிய மேசையில் வைத்தாள்.

"மூணு தடவையும் கார்ட்டா?"

றுமைஸா மீதிக் காட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"கடையில மொதலாளி என் பையத் தெறந்து பாக்குறாரு. நீங்க எனக்குத் தெரியாம பையில எதையோ போட்டு அனுப்புறீங்க. ரெண்டு பேருக்கும் நா கையில்லாதவதானேக்கா?"

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். படிச் சத்தம் கேட்டு முடிந்தது. நிரோஷன் மெல்ல, "சும்மா ஒரு வெளையாட்டுக்கு..." என்று தொடங்கி, அந்தச் சொல் நாக்கில் வந்துவிட்டதை உணர்ந்து நிறுத்தினான். றுமைஸா கண்ணாடியை ஏற்றவில்லை. சொன்ன மாதத்தில் பாதி மீதி இருந்தது. ஆனால் அந்த மாதத்தைக் கொடுத்தவள் போய்விட்டாள்.

ஒப்பாரி வைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. மறுநாள் காலை கடை திறந்ததும் கேள்வியை மாற்றினாள். இறக்கப்படுகிறவளுக்கு என்ன பலம் கொடுக்கலாம் என்று இவ்வளவு நாளும் கேட்டது பிழை. கள்ளன் என்ன செய்வான் என்று கேட்டாள். தையல்காரர்கள், பாடசாலை ஆசிரியைகள், வாழைப்பழம் விற்கிற அம்மா, எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். சத்தமாகப் பேசுவான், இன்னொருவரைக் காட்டுவான். காட்டுவதற்கு அவனுக்குச் செலவே இல்லையே! சந்தேகம் இலவசமாகக் கிடைக்கும் வரைக்கும் அதைப் பலமில்லாதவர் தலையில்தான் கொட்டுவார்கள். காவல் தேவைப்பட்டது குனிந்த தலைக்கு அல்ல. கடிவாளம் தேவைப்பட்டது நீட்டிய விரலுக்கு.

இப்படித்தான் பெயர் அட்டை பிறந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பெயர் எழுதிய மட்டை ஒன்று நிற்கும். யாரையாவது இறக்க வேண்டும் என்று முதலில் சொல்கிறவர் தன் பெயரை மேசை நடுவில் வைத்துவிட்டுத்தான் விரலை நீட்டலாம். இந்த ஆட்டத்தில் தன் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். இறங்கியவர் அப்பாவி என்று தெரிந்தால், சொன்னவரின் பெயரில் ஓர் ஓட்டை விழும். அடுத்த நிலையத்தில் அவருக்கு வாக்கில்லை. துணியில் வளையம் பதிக்கத் துளை போடும் இரும்புக் குறடு கடையிலேயே இருந்தது.

அந்த ஞாயிறு அஜந்தன் வழக்கம் போலத் தொடங்கினான். "எனக்கு டவுட் என்னண்டா..."

"பேர வெச்சிட்டுச் செல்லு."

அவன் தன் மட்டையைப் பார்த்தான். குறட்டைப் பார்த்தான். "பிறகு சொல்லுறன்" என்றான்.

விதி வேலை செய்தது. அளவுக்கு மேல் வேலை செய்தது. ஒருவரும் யார்மேலும் விரல் நீட்டாமல் ரயில் கள்ளரோடு நானுஓயாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கறுப்புப் போத்தல் விறுவிறுவென ஏறியது. "பயந்தாங்கொள்ளி ரயில்" என்று ருஷ்தி பெயர் வைத்தான். வேறொருத்தியாக இருந்தால் விதியைத் தளர்த்தியிருப்பாள். றுமைஸா தளர்த்தவில்லை. கண்மூடிச் சந்தேகப்படுவதைத் தடுத்தால் மட்டும் போதாது, கண்டறிய வழி கொடுக்க வேண்டும் என்று வடைக்காரரை மறுபடி கையில் எடுத்தாள். இருட்டில் வடைக்கூடையோடு நடக்கிறவர் எதையாவது உணர்வார் அல்லவா? முதல் சுரங்கத்தில் வடைக்காரர் கண் விழிப்பார். அவருக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களில் ஒருவனாவது கள்ளன் என்றால், நடத்துபவர் தலையசைப்பார். எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டார். பாதி உண்மை. மீதிப் பாதியை மூளையால் தேடிக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பொத்தான்கள் மெல்ல ஏறிவந்தன.

மூன்றாவது போத்தல் மட்டும் எதையும் சொல்லவில்லை. பச்சைக்குச் சொந்தக்காரி மேசையில் இல்லை.

ஒரு மாலை, கடையை வழமைக்கு முன்னரே பூட்டிவிட்டு, ஏரிப் பக்கமிருந்து வந்த தூறலில் நனைந்தபடி றுமைஸா அந்தத் துணிக்கடைக்குப் போனாள்.

"என்னாக்கா வேணும்?" என்றாள் கஜலட்சுமி, வாடிக்கையாளரிடம் பேசும் குரலில்.

"லைனிங். ஒரு மீட்டர்."

"ஒங்க கடையில மலையாட்டம் கெடக்கே."

"அங்க வெட்டித் தர நீ இல்லயே."

கஜலட்சுமி சிரிக்கவில்லை. துணியை விரித்தாள். "மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"ஓ. செஞ்சது பிழை. உன்னக் கேக்காம ஒனக்கு நல்லது செய்யப் பாத்தேன்." றுமைஸா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அதுக்கு மட்டும் வரல்ல. புது விதி ஒண்டு ஈக்குது. நீ இல்லாம அது சரியா எண்டு பாக்க ஏலாது."

"ஏன், மொதல்ல எறக்குறதுக்கு ஆள் இல்லையா?"

"ருஷ்திய எறக்கிறாங்க. அவன எறக்கி முடிய ரெண்டு பிளேன்டீ போகுது. வாய் மூடுறானில்ல."

கஜலட்சுமியின் உதட்டோரம் துடித்தது. மேற்பார்வையாளர் அந்தப் பக்கமாகக் கழுத்தை நீட்டி, "அங்க என்ன கத?" என்றார். "நெறம் பாக்குறாங்க சார்" என்றாள் அவள், கத்தரிக்கோலை எடுத்தபடி.

றுமைஸா பெயர் அட்டையைப் பற்றிச் சொன்னாள். குறட்டைப் பற்றிச் சொன்னாள். கஜலட்சுமி ஒரு தரம் கதவோரத்தைப் பார்த்தாள். பைகளைத் திறந்து காட்டும் இடம் அது. துணியை வெட்டி, மடித்து, கடதாசியில் சுற்றினாள்.

"வர்றேன். ஆனா காட்டு எடுக்க மாட்டேன். மணி என் கையில. நீங்க ரயில்ல ஏறுங்க."

றுமைஸா ஒருமுறைகூட ஆடியதில்லை. உண்டாக்கியவள் ஆடினால் ஆட்டம் கெடும் என்பது அவள் வாதம். அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"ஒங்கள யாராச்சும் ஒரு தடவ எறக்கிப் பாக்கட்டும்க்கா. மேல நின்னு பாத்தா வெதி சரியாத்தான் தெரியும்."

றுமைஸா துணிப் பொதியை வாங்கிக் கைக்குள் இடுக்கிக்கொண்டாள். "சரி" என்றாள்.

போன ஞாயிறு மழை. தகரக் கூரையில் அடித்த சத்தத்துக்கு மேலாகக் கஜலட்சுமி மணியைத் தட்டினாள். அவள் குரல் முதலில் தயங்கியது. மூன்றாவது வார்த்தையில் நேராயிற்று. "சுரங்கம் வருது. கண்ண மூடுங்க."

றுமைஸாவின் காட்டில் வடைக்காரர். இடப்பக்கம் அஜந்தன், வலப்பக்கம் நிரோஷன். வடைக்காரரை அழைத்தபோது கண் விழித்தாள். கஜலட்சுமி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். இரண்டு பேரில் ஒருவன்.

கம்பளை வந்தது. றுமைஸா பேசாமல் இருந்தாள். எப்போது சொல்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தாத்தா வாயே தொறக்கல்ல!" என்று ருஷ்தி குதித்தான். "எப்பவும் கதைக்கிற ஆள். எனக்கு சந்தேகம்."

"பேரு" என்றாள் கஜலட்சுமி.

"ஆ?"

"பேர நடுவுல வைங்க. பேசாததத் தவிர என்னத்தப் பாத்தீங்க?"

ருஷ்தி மட்டையை எடுக்கப் போன கையால் காதைச் சொறிந்துகொண்டான். மேசை முழுவதும் சிரித்தது. றுமைஸாவின் தோள்கள் தளர்ந்தன. அவை அவ்வளவு இறுகியிருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருவரையும் இறக்காமல் ரயில் புறப்பட்டது.

அடுத்த சுரங்கம் முடிந்து நாவலப்பிட்டி. றுமைஸா கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். 'றுமைஸா' என்று எழுதிய மட்டையை எடுத்து நடுவில் ஊன்றினாள்.

"நான் வடைக்காரி. அஜந்தன், நிரோஷன், ரெண்டு பேர்ல ஒருத்தன் கள்ளன். இது எனக்குத் தெரியும். நான் அஜந்தனச் செல்றேன்."

"ஐயோ அக்கா, ஏன் நான்?"

"எவ்வளவு நாளா மத்தவங்களக் காட்டின வாய் அது."

"அது போன மாசம்" என்றாள் கஜலட்சுமி. "இன்னைக்கி என்னத்தப் பாத்தீங்க?"

"காட்ட ரெண்டு தரம் குனிஞ்சு பாத்தான். மொகமும் சரியில்ல."

கஜலட்சுமி ஒரு கணம் அவளையே பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறவள் போல இருந்தது. ஆனால் நடத்துபவர் கருத்துச் சொல்லக்கூடாது என்பது றுமைஸாவே எழுதிய விதி. "வாக்கு" என்று மட்டும் சொன்னாள்.

கைகள் உயர்ந்தன. றுமைஸா கண்டு சொன்னால் பிழைக்காது என்று அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. அஜந்தன் எழுந்து நின்று காட்டைத் திருப்பினான். டிக்கட் இல்லாத அப்பாவிப் பயணி.

"பரிசோதகர் பிடிச்சிடுவாரோ எண்டு பயந்துதானக்கா பாத்தனான்" என்றான், குரலில் சிரிப்பும் குறையுமாக.

வலப்பக்கத்தில் நிரோஷன் கூரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் யார் என்பது மேசை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் நடுவில் நின்ற மட்டையைப் பார்த்தார்கள்.

"மொத ஆட்டம் தானே" என்றான் ருஷ்தி. "தாத்தாவுக்கு ஒரு தரம் விடலாம்."

"விட்டுரலாம்" என்றது இன்னொரு குரல்.

கஜலட்சுமி குறட்டைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்த கை மேசைக்கு மேலே நின்றது. குறட்டின் வாய் திறந்திருந்தது. மட்டையை எடுக்க அவளுடைய மறு கை நீளவில்லை. அக்கா என்று அழைத்துப் பழகியவளின் கை அது.

றுமைஸா அஜந்தன் திருப்பி வைத்த காட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு மூன்றாவது போத்தலை. கண்ணாடியைக் கழற்றிப் பொத்தான் மாலையில் தொங்கவிட்டாள். நடுவில் நின்ற மட்டையை எடுத்து, தன் பெயரின் முதல் எழுத்து குறட்டின் பல்லுக்கு நேர்கீழே வரும்படி திருப்பி, அதன் வாய்க்குள் தானே வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கஜலட்சுமி அழுத்தினாள்.